என் கைக்கடிகாரத்தில் அவள் தூக்கம்

இந்த நாட்டில் ஒருவர் தன் மலத்தைத் தபாலில் அனுப்பலாம். நானும் அனுப்பினேன். எங்கள் தெருமுனையில், பூக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே, ஆரஞ்சு நிறத் தபால்பெட்டி ஒன்று இருக்கிறது. பிறந்தநாள் வாழ்த்துகளும் வரிக் கடிதங்களும் விழுகிற அதே பெட்டியில், ஒரு சிறு குப்பி, அதைச் சுற்றி ஒரு பை, அதற்கு மேல் தடித்த உறை என்று மூடி என் வயிற்றுச் சமாசாரத்தைப் போட்டுவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். நாயோடு வந்த ஒரு கிழவர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார். உறைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்குமோ என்ற சந்தேகம் வீடு வந்து சேரும்வரை விடவில்லை.

சந்தேகம் எனக்குப் புதிதல்ல. அரியலூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பாடத்தைவிடத் தேர்வறைக் கண்காணிப்பில்தான் எனக்குப் பெயர் அதிகம். எந்தப் பையன் முழுக்கைச் சட்டை போட்டு வந்திருக்கிறான், யார் அடிக்கடி தண்ணீர் கேட்கிறான் என்று பார்த்தே பிட்டைப் பிடித்துவிடுவேன். அந்தக் கண்ணை ஓய்வுக்குப் பிறகும் கழற்றி வைக்க முடியவில்லை. மகள் கவிதாவின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள நானும் என் மனைவி தனமும் நெதர்லாந்தின் தென்பகுதியில் இருக்கும் இந்தச் சிறு நகரத்துக்கு வந்து சேர்ந்தோம். வந்த பிறகு இங்குள்ள ஒவ்வொன்றையும் முழுக்கைச் சட்டை போட்ட பையனைப் பார்ப்பது போலத்தான் பார்த்தேன். ‘கர்ன்மெல்க்’ என்று அட்டைப் பெட்டியில் மோர் விற்கிறார்கள். கெட்டுப்போகவே கெட்டுப்போகாத மோர் எப்படி மோராகும்? பூட்டாத சைக்கிள், திரைபோடாத ஜன்னல், தெரியாதவனைப் பார்த்துச் சிரிக்கிற வாய், எதையும் நான் நம்பவில்லை.

என் மலம் தபால்பெட்டிக்குப் போன கதையைச் சொல்கிறேன். பெரம்பலூரில் எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. வருடத்தில் பாதியாவது அங்கே போய்த் தனியாக இருந்துவிட்டு வருகிறேன் என்று கவிதாவிடம் கேட்டேன். தனம் குழந்தைக்காக இங்கேயே இருக்கட்டும், எனக்குச் சமைத்துக்கொள்ளத் தெரியும் என்றேன். கவிதா உடனே மறுக்கவில்லை. ஊறுகாய் பாட்டில் ஒன்றை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

“தொறங்க.”

திறக்க முடியவில்லை. முழங்காலுக்கு நடுவில் வைத்துத் திருகியும் முடியவில்லை.

“மூடியத் தொறக்க முடியல. மத்தியானமானா நாற்காலியிலயே தூங்கி விழுறீங்க. பெரம்பலூர்ல தனியா எப்படிப்பா இருப்பீங்க?”

“அங்க இருக்கற பாட்டில் எல்லாம் தொறக்கும்” என்றேன். தனம் சிரித்தாள். மகள் பக்கம் சேர்ந்துகொண்டு சிரிக்கிறாள் என்றுதான் அப்போது எனக்குப் பட்டது.

கடைசியில் ஓர் உடன்பாடு. இங்கே எங்கள் பகுதிச் சுகாதார நிலையத்தில் வயதானவர்களின் உடல் வலுவைப் பார்க்கிற ஒரு திட்டம் நடக்கிறது. அதில் சேர வேண்டும், அவர்கள் ‘போகலாம்’ என்றால் போகலாம். அதை நடத்தும் செவிலியின் பெயர் இங்ரித். என்னைவிட ஒரு முழம் உயரம். முதல் நாளே கையில் ஒரு கருவியைக் கொடுத்து, பலம் கொண்ட மட்டும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள். கைப்பிடியின் வலு உடம்பு மொத்தத்தின் வலுவைப் பற்றி நிறையச் சொல்லுமாம். பிறகு கேள்விகள்: என்ன சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு நடக்கிறீர்கள், எப்படித் தூங்குகிறீர்கள். அதன்பின் தூக்கத்தைக் கவனிக்க ஒரு கைக்கடிகாரமும் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களைப் பார்க்க அந்தக் குப்பியும் தந்தாள்.

“என் குடலில் இருக்கும் கிருமிக்கும் என் கை வலுவுக்கும் என்ன சம்பந்தம்?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன், வகுப்பில் கேட்பதுபோல.

“அதைத்தான் நாங்களும் கேட்கிறோம், மெனேர்” என்றாள். மெனேர் என்றால் ஐயா. “வலுவாக இருப்பவர்கள் வயிற்றில் பலவகை நுண்ணுயிர்கள் இருப்பதை ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். நன்றாகத் தூங்குகிறவர்களிடமும் அப்படியே. ஆனால் எதனால் எது என்று இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாது.”

நேர்மையான பதில். நான் அதைத்தான் அதிகம் சந்தேகப்பட்டேன். தெரியாது என்று ஒப்புக்கொள்கிறவள் எதற்குக் கடிகாரம் கட்டுகிறாள்? என்னைப் பெரம்பலூருக்கு விடாமல் இருக்க மகளும் மருமகனும் ஏற்கனவே இவளிடம் பேசி வைத்திருப்பார்களோ?

குப்பியைத் தபாலில் சேர்க்கும் வரை குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் அது ஒரு பெரிய வழக்காகிவிட்டது.

“பாலு வைக்கிற எடத்துலயா? ஏங்க, படிச்ச மனுஷந்தானா நீங்க?” என்றாள் தனம்.

“மூணு உறை போட்டிருக்கு.”

“முப்பது போட்டாலும் உள்ள இருக்கறது அதுதான.” அன்று முழுவதும் அவள் குளிர்பெட்டியைத் திறக்கவே இல்லை. குழந்தைக்குப் பால் எடுக்க வேண்டி வந்தபோதும் மகளைத்தான் கூப்பிட்டாள்.

ஊரில் இருக்கும் என் வயதுக்காரர்கள் இந்த இடத்தில் சிரிப்பீர்கள் என்று தெரியும். ‘கிருமியைத் தேடி வெளிநாட்டுக்காரனிடம் போக வேண்டுமா, நம் கம்பங்கூழும் சின்ன வெங்காயமும் போதாதா’ என்று எனக்கு வாட்ஸ்அப்பில் தினமும் வருகிறது. அதையும் நான் நம்புவதில்லை. என் அப்பா பெரம்பலூர்ப் பக்கம் அடுத்தவர் கொல்லையில் கூலிக்கு வெங்காயம் பிடுங்கியவர். எங்களுக்கென்று நிலம் கிடையாது. கூழும் வெங்காயமும்தான் அவர் சாப்பாடு. மூட்டையைத் தூக்கி லாரியில் எறிவார், அந்தக் கையை இன்றும் என்னால் மறக்க முடியாது. ஆனால் என் கல்யாணத்தைப் பார்க்காமலே அவர் போய்ச் சேர்ந்தார் என்பதை யாரும் வாட்ஸ்அப்பில் எழுதுவதில்லை. நல்ல சாப்பாடு அவருக்கு இருந்தது; ஓய்வும் தூக்கமும் இல்லை. இரவு முழுக்க அடுத்தவர் வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, காலையில் நேரே வெங்காயக் கொல்லைக்குப் போன மனிதர் அவர். வலு என்பது வாய்வழியாக மட்டும் உள்ளே போகிற பொருள் அல்ல என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

குப்பி போய்விட்டது. கடிகாரம் பாக்கி. அதைக் கட்டிக்கொண்டு ஓர் இரவு படுத்தேன், உள்ளே பயம். நான் சரியாகத் தூங்குவதில்லை என்று எனக்கே தெரியும். காலையில் எழும்போது தலை கனக்கும், வாய் உலர்ந்திருக்கும். இந்தக் கணக்கு இங்ரித்திடம் போனால் பெரம்பலூர் அவ்வளவுதான். தனத்துக்கோ அப்படி ஒரு குறையும் கிடையாது. நான் எப்போது விழித்துப் பார்த்தாலும் கண்மூடி அசையாமல் கிடப்பாள். கட்டையாகத் தூங்குகிறாள் என்று அவளைக் கேலி செய்திருக்கிறேன். மறுநாள் சாயங்காலம் கடிகாரத்தைக் கழற்றி அவளிடம் நீட்டினேன்.

“இந்த வாரம் இத நீ கட்டிக்க. எனக்கு வார் அரிக்குது.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “அரிக்குதா, பரீட்சைக்குப் பயமா?”

“ரெண்டும்தான்.”

“எத்தினி பசங்கள வெளிய அனுப்பிச்சீங்க! காப்பியடிக்கிற வாத்தியார இப்பத்தான் பாக்குறேன்” என்று சொல்லிக்கொண்டே மணிக்கட்டை நீட்டினாள். கடைசித் துளையில் மாட்டியும் வார் தளர்வாகத்தான் இருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும் எதுவும் தோன்றவில்லை. ஒரு வாரம் அவள் என் பெயரில் தூங்கினாள்.

இங்ரித் திரையைத் திருப்பி என்னிடம் காட்டினாள். மலை உச்சிகளும் பள்ளங்களுமாக ஒரு வரைபடம். “இந்தக் கடிகாரம் சொல்வதெல்லாம் வேதம் இல்லை” என்று முன்னுரையோடு ஆரம்பித்தாள். “ஆனால் இப்படி ஒன்றை நான் கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களிடம்தான் பார்த்திருக்கிறேன். சிறிது நேரம் கண்ணயர்வு, உடனே விழிப்பு. மறுபடி கண்ணயர்வு, மறுபடி விழிப்பு. விடியும்வரை இப்படித்தான். மெனேர், நீங்கள் வீட்டில் யாரையாவது பராமரிக்கிறீர்களா?”

எனக்குச் சுருக்கென்றது. “இல்லை. நான் பேராசிரியராக இருந்தவன்” என்றேன்.

அவள் குழம்பினாள். “இரவில் கேட்கிறேன். யாருக்காவது மருந்து கொடுக்க எழுந்திருக்கிறீர்களா? பேரக்குழந்தை?”

“குழந்தை அதன் அம்மாவோடு படுக்கும். எங்கள் அறையில் நானும் என் மனைவியும் மட்டும்தான்.”

“அப்படியானால் உங்கள் கைப்பிடி எனக்குப் புரியவில்லை. இவ்வளவு மோசமான தூக்கத்துக்கு இது பரவாயில்லை.” வயிற்று முடிவும் வந்திருந்தது. அதில் பயப்பட ஒன்றுமில்லை, பலவகை நுண்ணுயிர்கள் இருக்கின்றன, வெங்காயமும் பருப்பும் தொடர்ந்து சாப்பிடுங்கள் என்றாள். “ஆனால் இந்தத் தூக்கத்தோடு தனியாகப் பயணம் வேண்டாம்.”

அடுத்தவர் விடைத்தாளைப் பார்த்து எழுதி நான் தோற்றேன். சுகாதார நிலையத்திலிருந்து வீட்டுக்கு வாய்க்கால் ஓரமாக நடக்க வேண்டும். வழியெல்லாம் என் மூளை தன் வழக்கமான வேலையைச் செய்தது. தனம் ஏன் தூங்கவில்லை? யாரோடு பேசுகிறாள்? எனக்குத் தெரியாமல் எழுந்து போகிறாளா? நான் ஊருக்குப் போகக்கூடாது என்று வேண்டுமென்றே விழித்திருந்தாளா? எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன், அந்த நடையில் என் மனைவியை நான் வேவு பார்த்தேன். அவள் உடம்புக்கு ஏதாவதா என்ற கேள்வி எனக்குக் கடைசியில்தான் வந்தது.

சமையலறையில் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். குழந்தை அறையில் தூங்கிக்கொண்டிருந்தது.

“ராத்திரியெல்லாம் என்ன பண்ற?” என்றேன். கேட்ட தொனி தேர்வறைத் தொனிதான்.

“ஏன், காட்டிக் குடுத்துடுச்சா அது?” அவள் தலை நிமிரவில்லை. “ஒண்ணும் பண்ணலைங்க. நீங்க மூச்ச நிறுத்திடுறீங்க.”

“என்ன?”

“கொறட்டை வுடுவீங்க. திடீர்னு நின்னு போவும். நானும் பாப்பேன், பாப்பேன், மூச்சே வராது. தோள்ல ஒரு இடி இடிப்பேன். ‘ங்ஹா’ன்னு இழுத்து மறுபடி வுடுவீங்க. நல்லா கண்ண அசத்துறப்ப மறுபடி நின்னு போவும்.”

“எத்தன நாளா?”

“இங்க வந்ததுலேருந்து.”

“அரியலூர்ல?”

“அங்க எங்க கேட்டுச்சு? விடிய விடிய சுண்ணாம்புக்கல் லாரி. நீங்க மூச்சு வுட்டா என்ன, வுடாட்டி என்ன, யாருக்குக் கேக்கும்? இங்கதான் ஒரு சத்தமும் இல்லையே.”

அரியலூரில் நாங்கள் குடியிருந்த வீடு சிமெண்ட் ஆலைக்குப் போகிற சாலையை ஒட்டி இருந்தது. லாரி போகும்போது சுவரில் மாட்டிய காலண்டர் ஆடும். நாள் முழுக்கத் துடைத்தாலும் ஜன்னல் கம்பியில் வெள்ளைப் புழுதி. நான் அந்தச் சத்தத்தை வெறுத்தேன். இந்த நாட்டுக்கு வந்ததும் எல்லோரிடமும் இதன் அமைதியைப் புகழ்ந்தேன். அந்த இரைச்சலுக்கு அடியில் இத்தனை காலமும் என் மூச்சு நின்று நின்று போய்க்கொண்டிருந்திருக்கிறது. இரைச்சல் அவளைத் தூங்க விட்டது. நான் புகழ்ந்த அமைதி அவளை எழுப்பி உட்கார வைத்தது.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

இப்போது நிமிர்ந்தாள். வெங்காயத்தால் கண் சிவந்திருந்தது; வேறு காரணம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

“சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க? ‘மவளும் நீயும் கூடிப் பேசிக்கிட்டு என்னைய ஊருக்குப் போவ வுடாம பண்றீங்க’ன்னுருப்பீங்க. இல்லைன்னு சொல்லுங்க பாப்பம்.”

சற்று முன்னால் வாய்க்கால் ஓரத்தில் அதே வார்த்தைகளைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

“நீங்க தனியாப் போறேன்னீங்களா, எனக்கு ஒரே நெனப்புதான்” என்றாள். “அங்க யாரு இடிக்கிறது?”

அடுத்த வாரம் தனத்தையும் அழைத்துக்கொண்டு போய் இங்ரித்திடம் உண்மையைச் சொன்னேன். ஏமாற்றியதற்குத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கடிகாரத்தை விட்டுவிட்டுத் தனத்தையே பார்த்தாள். பிறகு அந்தக் கைப்பிடிக் கருவியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். தனம் பிறந்தது திருமானூர்ப் பக்கம். நெல்லும் கரும்பும் விளைகிற பூமி, வயலில் வேலை செய்து வளர்ந்த கை. அரியலூரில் எங்கள் தெருவுக்கு ஒரே ஓர் அடிபம்பு. காலையில் அதை அடிக்க ஆண்களே மூச்சு வாங்குவார்கள். அவள் ஒரு கையால் அடித்துக்கொண்டே இன்னொரு கையால் குடத்தைத் திருப்பி வைப்பாள். கல்லூரிக்குப் போகும் என் முதல் பேருந்துக்காக விடியுமுன் எழுந்து சமைத்து, தண்ணீர் பிடித்து, கவிதாவைக் கிளப்பி அனுப்பி, எல்லோரும் சாப்பிட்டதற்குப் பிறகு மிஞ்சியதைச் சாப்பிட்ட உடம்பு. ஊர் வீட்டைப் பார்க்கப் பெரம்பலூருக்குப் போய்வருகிற நாட்களில் நான் பேருந்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்குவேன். அவள் எப்போது தூங்கினாள் என்று அன்றும் நான் கேட்டதில்லை.

“இறுக்குங்கள், மெஃப்ராவ்” என்றாள் இங்ரித். அம்மா என்று பொருள்.

தனம் இறுக்கினாள். முகம் சிவந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள். முள் கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது. பாட்டில் மூடியைத் திறக்க முடியாத என் கையைவிட வெகு கீழே. “மிஷினு ரிப்பேராங்க?” என்று என்னிடம் தமிழில் கேட்டாள். இங்ரித் என்னைப் பார்த்தாள். நான் மொழிபெயர்க்கவில்லை.

“தூக்கம்தான் காரணமா?” என்று இங்ரித்தைக் கேட்டேன்.

“தூக்கமும் இருக்கலாம். வயது, சாப்பாடு, வெயில் படாமல் வீட்டுக்குள் இருப்பது, வயிறு எல்லாம் ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன. ஒன்றை மட்டும் இழுத்துக் காட்ட என்னால் முடியாது” என்றாள். இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடந்தால் ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது என்று நானே வகுப்பு வகுப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்று எனக்கு அந்தப் பாடம் உதவவில்லை. அந்த முள் நின்ற இடத்தில் என் பெயர் எழுதியிருந்தது.

தூக்க மருத்துவரிடம் காட்டி எனக்கு ஒரு கருவி வாங்கித் தந்தார்கள். மூக்கில் முகமூடி போல மாட்டிக்கொண்டால் குழாய் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும், மூச்சு நிற்காது. காலையில் தலை கனம் போய்விட்டது. பகலில் நாற்காலியில் தூங்கி விழுவதும் குறைந்தது. ஆனால் தனம் தூங்கவில்லை. முன்பு என் மூச்சைக் கேட்டாள். இப்போது கருவியின் மூச்சைக் கேட்கிறாள். “கரண்டு போனா? குழாய் கழண்டுக்கிட்டா?” இந்த நாட்டில் மின்சாரம் போவதில்லை என்றேன். “நீங்க எதைத்தான் நம்புனீங்க, நான் மட்டும் இத நம்புறதுக்கு?” என்றாள். ஆயுள் முழுக்க நான் வளர்த்த செடி அவளிடம் காய்த்திருந்தது.

அடுத்த அறையில் படுத்துப் பார்த்தோம். கதவோரம் வந்து நின்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் உடம்பு விழித்துப் பழகிவிட்டது, அது மறக்கக் காலமும் தூரமும் வேண்டும் என்றாள் இங்ரித். எனக்கு வேறு வழி தெரியவில்லை. நான் கேட்ட பயணத்தை அவளுக்குக் கொடுத்தேன். குழந்தையைக் க்ரெஷ் என்கிற காப்பகத்தில் விடக் கவிதா ஒப்புக்கொண்டாள். தனம் திருமானூரில் தன் தம்பி வீட்டுக்குப் போக மாட்டேன் என்று ஒரு மாதம் மல்லுக்கட்டினாள்.

“உங்கள யாரு பாத்துக்கறது?”

“மிஷின்.”

“அது இடிக்காதே.”

“இடிக்க வேணாம். நீ போயித் தூங்கு.”

விமான நிலையத்தில் தனம் என் காதுபடக் கவிதாவிடம், “இந்த மனுஷன் என்னைய அனுப்பி வைக்கிறார்னா எனக்கே சந்தேகமா இருக்குடி” என்றாள். மூவரும் சிரித்தோம். எனக்கு அந்தச் சிரிப்பு முழுதாக வரவில்லை.

அவள் போய்ச் சில வாரங்கள் ஆகின்றன. காலையில் பேசும்போதெல்லாம் “நல்லாத் தூங்குனேங்க” என்கிறாள். நான் நம்பவில்லை. கொள்ளிடத்துக் காற்று, தம்பி மனைவி வைக்கிற குழம்பு, வயல் வரப்பில் நடப்பது என்று எல்லாம் சொல்கிறாள். குரல் சற்றுத் தெளிந்திருக்கிறது. அதைக்கூட எனக்காக வரவழைத்துக்கொள்கிறாளோ என்றுதான் தோன்றுகிறது. அந்தக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டபோதே அது காட்டிக் கொடுக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்குமோ, வாயால் சொல்ல முடியாததை அதன் வழியாகச் சொன்னாளோ என்றும் எனக்கு ஒரு சந்தேகம். கேட்டேன். “எனக்கென்னங்க தெரியும்” என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

இங்கே சாயங்காலம் ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது. அந்த நேரம் திருமானூரில் இரவு பத்தரை, எல்லோரும் படுத்திருப்பார்கள். நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்கிறேன். குழந்தை மரக்கட்டைகளைத் தரையில் உருட்டினால் எடுத்துப் பாயின்மேல் வைக்கிறேன். நேற்று வேலையிலிருந்து வந்த கவிதா அலமாரிக் கதவைப் படாரென்று சாத்தினாள்.

“மெதுவா சாத்தும்மா” என்றேன்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். குழந்தை விழித்து விளையாடிக்கொண்டிருந்தது. “இங்க யாருப்பா தூங்குறா?” என்றாள்.

தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். நான் எழுந்து போய் ஜன்னலைச் சத்தமில்லாமல் மூடினேன்.